கடலைத் தாண்டிய கம்பி: அந்தமான் தீவுகளில் வானொலிச் செய்தியின் நூறாண்டு

வங்கக் கடலின் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நம் தீவுகளைத் தமிழன் இன்று நேற்று அறிந்தவன் அல்லன். முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று நிக்கோபார் இடம் பெற்றிருப்பதை வரலாறு படித்தோர் அறிவர். அந்தக் கலங்கள் புறப்பட்ட பிறகு அவற்றின் சேதி கரைக்கு வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். காற்று திரும்ப வேண்டும், கலம் திரும்ப வேண்டும், ஆள் உயிரோடு திரும்ப வேண்டும். கடல் கடந்து போனவனுக்கும் கரையில் இருப்பவனுக்கும் இடையே உள்ள இந்த மௌனம்தான் புலம்பெயர்ந்தோர் எல்லோருக்கும் பொதுவான துன்பம்.

அந்த மௌனம் நம் தீவுகளில் எப்படி உடைந்தது, எந்தெந்தக் கருவியால் உடைந்தது, எப்போது உடையாமலே போனது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொறியாளன் அல்லன். அரசுப் பணிக்காக 1970களில் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவன். வானொலிப் பெட்டியோடு ஐம்பது ஆண்டுப் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய செய்திகளைச் சொல்லும்போது அந்தந்தக் காலத்துப் பெயரையே எழுதுகிறேன்.

முதல் பொறி

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். 1858இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியபோது இந்தத் தூரமே அவர்களுக்குச் சிறைச் சுவராக இருந்தது. ஆனால் அதே சுவர் அதிகாரிகளையும் அடைத்துவிட்டது. கப்பல் வந்தால்தான் தபால். தபால் வந்தால்தான் உலகம்.

1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லா அலைகளைச் செய்து காட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் அந்த வித்தை நம் தீவுக்கு வந்துவிட்டது. பர்மாக் கரையோரத்தில் இராவதி ஆற்றின் முகத்துவாரத்துக்கு மேற்கே டைமண்ட் தீவு என்று ஒன்று உண்டு. அங்கிருந்து பர்மாவுக்குத் தந்திக் கம்பி இருந்தது. அந்தத் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 300 மைல். இவ்விரண்டையும் கம்பியில்லாத் தந்தியால் 1905இல் இணைத்தார்கள். ஆலிவர் லாட்ஜ், அலெக்சாண்டர் மியூர்ஹெட் என்ற இருவர் அமைத்த முறை அது. மார்க்கோனியின் பெயரே எங்கும் ஒலித்த நாளில், அவருக்குப் போட்டியாக இருந்த முறை அந்தமானில்தான் இப்படியொரு நீண்ட தூரத்துக்கு நிலையான வேலை பார்த்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

அது சிற்றலை அன்று. மின்பொறி தெறிக்கும் கருவி, நெடிய அலை, வானளாவிய கம்பம், அறை நிறையும் இயந்திரம். மோர்ஸ் புள்ளியும் கோடும் மட்டுமே போகும், குரல் போகாது. சிற்றலை வந்த பிறகுதான் சின்னப் பெட்டியும் சில கெஜம் கம்பியும் போதும் என்ற நிலை வந்தது. அதற்கு இன்னும் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வங்கக் கடல் கண்ட இன்னொரு சம்பவத்தை நினைவுபடுத்த வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனை யார் மறப்பார்? "ஆளு எம்டன்டா" என்று இன்றும் நம் ஊரில் சொல்கிறோமே, அதே எம்டன்தான். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று அது கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி, வயர்லெஸ் நிலையத்தை அழிக்கப் போனது. அந்நியக் கப்பலைக் கண்டதும் நிலையத்தில் இருந்தவர்கள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது மைல் அளவு தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைக் கேட்டது; உடனே திரும்பியது; எம்டனின் கதை அன்றோடு முடிந்தது. சின்னத் தீவு, ஒரே ஒரு கூப்பாடு, அதைக் கேட்டு உடனே செயல்பட்ட ஒரு கப்பல். இந்த மூன்றையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

ஒற்றர் என்ற சொல்

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். 1945 அக்டோபர் வரை தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. அந்த மூன்றரை ஆண்டுகளில் வயர்லெஸ் என்ற சொல்லே உயிரை வாங்கும் சொல்லாயிற்று.

முன்பு போர்ட் பிளேரில் காவல் துறை அதிகாரியாக இருந்த டென்னிஸ் மக்கார்த்தி, 1943 ஜனவரியில் ஓ 24 என்ற டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ஒரு சிறு குழுவோடு இரகசியமாகக் கரையேறினார். காட்டுக்குள் தங்கி, வேவு பார்த்து, மார்ச்சில் திரும்பிப் போனார்கள். இப்படிப்பட்ட குழுக்களுக்குத் தோளில் தூக்கிச் செல்லத்தக்க சிற்றலைக் கருவியே உயிர்நாடி. இரண்டு மரங்களுக்கு இடையே கம்பியைக் கட்டி, சில நிமிடம் தட்டிவிட்டு, உடனே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு இடம் மாறிவிடுவது அக்காலத்து வேவுக்காரர்களின் வழக்கம்.

ஜப்பானியக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் மூழ்கடிக்கப்பட்டபோது, யாரோ உள்ளூர்க்காரர்கள்தான் செய்தி அனுப்புகிறார்கள் என்று படையினர் முடிவு கட்டினார்கள். காட்டுக்குள் வந்து போனவர்களை அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஊருக்குள் இருந்தவர்களைப் பிடித்தார்கள். இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்த மருத்துவர் திவான் சிங் 1943 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அந்த டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றியபோது, அவர் செல்லுலர் சிறைக்குள் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒற்றர்கள் என்பதே அவர்கள் மீதும் சுமத்தப்பட்ட குற்றம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லையோரத் தீவில் வானொலி அனுப்பும் கருவி வைத்திருப்பவன் மீது அரசுக்கு வரும் சந்தேகம் சுதந்திரத்தோடு போய்விடவில்லை. பின்னால் வந்த அனுமதிக் கதைகளை விளங்கிக்கொள்ள இந்தப் பழைய நிழலும் உதவும்.

தென்னையில் கட்டிய ஏரியல்

சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்கு வங்காள அகதிகள், கேரளத்தார், தெலுங்கர், பீகார்-ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்கள், நம்மவர்கள் என்று பலரும் வந்தார்கள். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் முன்னாள் படைவீரர்கள் குடியேற்றப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ்.

இவர்கள் எல்லோருக்கும் சொந்த ஊர்க் குரலைக் கொண்டுவந்தது சிற்றலைதான். ஆகாசவாணியின் போர்ட் பிளேர் நிலையம் 1963இல் வந்தது. மத்திய அலையில் 684 கிலோஹெர்ட்ஸ், சிற்றலையில் 4760 என்று ரேடியோ கேட்டவர்களுக்கு மனப்பாடம். ஆனால் தமிழ் வேண்டுமென்றால் இரவில் சென்னையின் 4920ஐத் தேட வேண்டும். இல்லாவிட்டால் இலங்கை வானொலி.

நான் வந்த புதிதில் அபர்டீன் பஜாரில் வாங்கிய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. கூடவே வரும் இழுப்புக் கம்பியை முழுசா நீட்டினாலும் "கர்ர்" என்ற சத்தம்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ராமநாதபுரத்துக்காரர். அவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு தடவுனா எப்படிக் கேக்கும்? வெளிய வாங்க" என்றார். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிச்சம் இருந்த செம்புக் கம்பி இருபது முழம். ஒரு முனையைத் தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் தங்கூசியில் முடிந்து தென்னையில் கட்டினார். கம்பி நேராக மரத்தைத் தொடக்கூடாதாம்; ஈர மரம் அலையைக் குடித்துவிடுமாம். மறுமுனையைத் தோல் சீவி ரேடியோவின் இழுப்புக் கம்பியில் சுற்றினார். அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு இலங்கை வானொலி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத் தொடங்கி, போகப்போகத் தெளிந்தது. இடி மின்னல் வந்தால் முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்று பெரியவர் எச்சரித்துவிட்டுப் போனார். அவர் எந்தப் பொறியியல் கல்லூரியையும் பார்த்தவர் அல்லர்.

கம்பிக்கும் வானத்துக்கும் உள்ள கணக்கு

அந்தப் பெரியவர் கைப்பழக்கத்தில் செய்ததன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. சிற்றலை அதில் பட்டு வளைந்து கீழே திரும்பும். கண்ணாடியில் பட்ட வெயில் சுவரில் விழுவது போல, நடுவில் கடலோ மலையோ குறுக்கிட முடியாது. கைபேசி அலையும் காவலர் கையில் உள்ள வாக்கி-டாக்கி அலையும் இப்படித் திரும்புவதில்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தோடு அவற்றின் ஆட்டம் முடிந்துவிடும்.

அனுப்புவதற்குக் கம்பியின் நீளம் கணக்காக இருக்க வேண்டும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் எத்தனை மீட்டர் கம்பி என்பது வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். 14க்கு 10 மீட்டர். அதை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் கருவியிலிருந்து வரும் கேபிளில் சேர்த்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. கம்பி முனைக்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். கருவிக்குக் கார் பேட்டரி 12 வோல்ட் போதும். நூறு வாட் கருவி பேசும்போது இருபது ஆம்பியர் அளவு இழுக்கும், கேட்கும்போது ஒன்றிரண்டுதான். ஆகவே குறைவாகப் பேசி நிறையக் கேட்பவனுக்குப் பேட்டரி நாள் முழுக்க வரும்.

இதில் தீவுக்காரர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கம்பியை உயரமாகக் கட்டினால் அலை தாழ்வாகப் புறப்பட்டு வெகுதூரம் போய் விழும்; ஐதராபாத்தும் ஐரோப்பாவும் கேட்கும், ஆனால் பக்கத்துத் தீவுக்குக் கேட்காது. போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், நடுவில் பத்து டிகிரிக் கால்வாய். அதற்குக் கம்பியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தாழ்வாகக் கட்டி, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலையில் பேச வேண்டும். அலை நேரே மேலே போய், குடை விரித்தாற்போலச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டர்களின் மேல் இறங்கும். உயரமான கம்பம் இல்லையே என்று வருந்த வேண்டாம். இங்கே தாழ்ந்ததே உயர்ந்தது.

பூட்டிய கதவு

இப்படிப் பொழுதுபோக்காகவும் பொதுப்பணிக்காகவும் உரிமம் பெற்று உலகத்தோடு பேசுகிறவர்களை ஹாம்கள் என்பர். நம் நாட்டில் 1921இல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து தொடங்கி வைத்த மரபு அது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924இல் தொடங்கிய மாகாண ரேடியோ கிளப், இந்திய ஒலிபரப்புக்கே முன்னோடி. 1999 ஒரிசாப் புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் தொலைபேசி செத்தபோது ஹாம்கள் துணை நின்றார்கள்.

இந்திய ஹாம்களின் அழைப்புக் குறி வி.யூ. என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கு வி.யூ.4, இலட்சத்தீவுக்கு வி.யூ.7. பாதுகாப்புக் காரணங்களால் நம் தீவுகளிலிருந்து ஹாம் நிலையம் நடத்த அனுமதி எளிதில் கிடைக்காது. 1987க்குப் பிறகு வி.யூ.4 என்ற குறி உலக வானில் கேட்கவே இல்லை. உலகெங்கும் உள்ள ஹாம்கள் அதிகம் தேடிய இடங்களில் ஒன்றாக அந்தமான் ஆனது. நாம் குடியிருக்கும் இடம். உலகத்துக்கு அது ஊமைத் தீவு.

அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. அழைப்புக் குறி வி.யூ.2 ஆர்.பி.ஐ. ஐதராபாத்தில் எஸ். சூரி நிறுவிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் அவர் பல காலம் முயன்று, 2004இல் அனுமதி பெற்றார். அந்த டிசம்பர் தொடக்கத்தில் சிறு குழுவோடு போர்ட் பிளேர் வந்து, ஒரு ஓட்டலில் கம்பி கட்டி, வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில் பேசத் தொடங்கினார். 17 ஆண்டுப் பசி. உலகமே அவரை நெருக்கியடித்து அழைத்தது. பல்லாயிரக்கணக்கான தொடர்புகள். எல்லாம் பொழுதுபோக்குதான், டிசம்பர் 25 வரை.

ஒரு காலை, இரண்டு செய்திகள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.29க்கு பூமி அதிர்ந்தது. 9.1 அளவு. பாரதி அப்போது விழித்திருந்து கருவியில் பேசிக்கொண்டிருந்தார். நில அதிர்ச்சி என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். நடுக்கம் அடங்கியதும் தற்காலிக நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டு மீண்டும் பேசத் தொடங்கினார். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, வி.யூ.4 மட்டும் பேசியது. அன்றிலிருந்து விளையாட்டுத் தொடர்புகள் நின்றன. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னது தேவை என்ற செய்திகளே போயின. நிர்வாகமும் அவர்கள் உதவியை ஏற்றது. குழுவினரில் சிலர் பின்னர் கார் நிக்கோபாருக்கும் போய் நிலையம் அமைத்தார்கள். வெளிநாட்டு ஹாம்களும் மற்ற நிலையங்களும் அந்த அலைவரிசைகளை விட்டு விலகி வழிவிட்டன.

பரமக்குடியில் இருந்த என் அண்ணனுக்கு மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. யாரென்று தெரியாத ஒருவர், உடைந்த தமிழில், "உங்க தம்பி நல்லா இருக்காராம். அந்தமான்ல இருந்து ரேடியோவுல சொன்னாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் பெயரை இன்று வரை நாங்கள் அறியோம். அன்று ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு மணி அடித்திருக்கிறது. அடிக்காமலே போன வீடுகளும் உண்டு. நம் தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 3,500 பேர். அதிகம் இழந்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. இலங்கையிலிருந்து ஒரு முறை பெயர்க்கப்பட்டு வந்தவர்களை இரண்டாம் முறை கடல் பெயர்த்தது.

இது ஒரு செய்தியின் கதை. அன்று காலை இன்னொரு செய்தியும் கடலைத் தாண்டிப் போனது. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

கார் நிக்கோபாரில் விமானப் படைத் தளம் உண்டு. அன்று நூற்றுக்கும் மேற்பட்டோரை அத்தளம் இழந்தது. அப்போது விமானப் படைத் தளபதியாக இருந்தவர் எஸ். கிருஷ்ணசாமி. அவர் பின்னர் பத்திரிகையாளர்களிடம் கூறியதன் சாரம் இது: காலை ஏழரை மணிக்கே பெரும் நிலநடுக்கம் என்ற தகவல் வந்துவிட்டது, கார் நிக்கோபாரிலிருந்து தொடர்பு அறுமுன் வந்த கடைசிச் செய்தி, தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பது, எட்டேகால் மணியளவில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னார்.

தமிழகக் கரையை அலை தொட்டது ஒன்பது மணியை ஒட்டி. மெரினாவில் காலை நடை போனவர்கள், நாகப்பட்டினத்தில் வலை உலர்த்தியவர்கள், வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் திருவிழாவுக்கு வந்தவர்கள், இவர்களில் ஒருவர் காதிலும் அந்தச் செய்தி விழவில்லை. வானிலைத் துறையிலிருந்து போன ஃபாக்ஸ் ஒன்று முன்னாள் அமைச்சர் ஒருவரின் முகவரிக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. தமிழகத்தில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர்.

ஆக, செய்தி போகாததால் அல்ல இந்தச் சாவு. செய்தி போனது. கடல் அலையை முந்திக்கொண்டு போனது. கேட்டவர்கள் உடனே எதைச் செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடுதான் இல்லை. 1914இல் கோகோஸ் தீவின் கூப்பாட்டைக் கேட்ட கப்பலுக்கு என்ன செய்வது என்பது தெரிந்திருந்தது. 2004இல் நம்மிடம் அதைவிட நூறு மடங்கு நல்ல கருவிகள் இருந்தன. கரைக்குச் சங்கு ஊத ஆள் இல்லை. வானொலி வரலாற்றில் நான் கற்ற பாடம் இதுதான்: அனுப்புபவன் பாதி, கேட்பவன் பாதி. கேட்டவனுக்கு அதிகாரம் இல்லை என்றால் இரண்டு பாதியும் வீண்.

இலங்கையில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெற்குக் கரையில் தொடர்பு முழுவதும் அறுந்தபோது, அங்குள்ள வானொலிச் சங்கத்தின் தலைவர் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் கார் பேட்டரியில் ஓடும் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். மறுமுனை எங்கே இருந்தது தெரியுமா? கொழும்பில் பிரதமரின் இல்லத்தில், மீட்புப் பணியை நடத்திய அறையிலேயே. கேட்ட செய்தி அடுத்த நிமிடம் உத்தரவாக மாற அதுவே வழி.

இன்றைய நிலை

அதன் பின் பல நல்ல மாற்றங்கள் வந்தன. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம் மாநாடு நடந்தது. பல நாட்டு ஹாம்கள் வந்து வி.யூ.4 ஏ.என். என்ற குறியில் பேசினார்கள். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி வழியாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்ற நாம், இன்று பேரன் பேத்தியின் முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆகாசவாணியின் சிற்றலை ஒலிபரப்புகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. தென்னையில் கட்டிய ஏரியலை இன்று எந்த வீட்டிலும் காணோம்.

"அப்புறம் எதுக்கு சார் இந்தப் பழைய ரேடியோ?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு டோங்கா தீவு பதில் சொல்லும். 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலடி எரிமலை வெடித்து, வெளியுலகோடு இணைத்த கேபிள் அறுந்தது. பழுது பார்க்க ஐந்து வாரம் ஆயிற்று. நம் கேபிள் கிடப்பதும் பூமி அடிக்கடி புரளும் கடலடியில்தான். செயற்கைக்கோள் உண்டு என்பீர்கள். உண்டு, அதற்கும் நிலத்தில் கோபுரமும் மின்சாரமும் வேண்டும். சிற்றலைக்கு நடுவில் யாரும் வேண்டாம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், மேலே வானம்.

ஆனால் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது. மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் தீவுக்குத் தீவு கூப்பிட்டுப் பழக வேண்டும். பகலில் எந்த அலை எடுக்கும், இரவில் எது எடுக்கும் என்பது கேட்டுக் கேட்டுத்தான் காதுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துச் செய்தி வந்தால் யாரிடம் சொல்வது என்பதை ஆட்சியர் அலுவலகத்தோடு பேசி முன்பே எழுதி வைக்க வேண்டும்.

நம் சங்கத்தில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடக்கிறது, கோலப் போட்டி நடக்கிறது. நல்லதே. அதோடு, பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். சங்கக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பி கட்ட இடம் இருக்கிறது. செயற்குழு சம்மதித்தால் கம்பியும் தங்கூசியும் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு.